காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்கிறார்கள்

என் மகன் சவரிக்கு,

காகிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் சேசு, மரி, சூசை என்ற மூன்று பெயரையும் இந்தத் தடவை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். கடைசி வரைக்கும் படித்தால் ஏன் என்று உனக்கே தெரியும்.

உன் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. “அம்மா, ஊர் என்னை நம்பிவிட்டது. தண்டபாணியே தன் கைப்பட எழுதியிருக்கிறான். மாதா திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு செஞ்சிக்கு வருகிறேன்” என்று எழுதியிருந்தாய். ஏழு வருஷமாகத் தங்கவயலிலிருந்து நீ போட்ட கார்டுகளில் ‘சுகம், நீ சுகமா’ என்பதற்கு மேல் ஒரு எழுத்து இருந்ததில்லை. இதில் ஓரத்தில்கூட எழுதியிருந்தாய். வாசலில் நின்றபடியே படித்துவிட்டு அழுதேன். தபால்காரர் பயந்துபோய், “இன்னாம்மா, நல்ல சேதிதானே?” என்றார். நல்ல சேதிதான் என்றேன். நீ பஸ் ஏறுவதற்குள் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகு உனக்கு அம்மா என்று ஒருத்தி இருப்பாளா என்பது எனக்குத் தெரியாது.

ஊர் உன்னை எப்படி நம்பியது என்பதைத் தண்டபாணி எழுதியிருக்க மாட்டான். வெட்கமாக இருந்திருக்கும். ஒரு சினிமாப் படத்தால்தான் நம்பினார்கள். உன் நைனா போன பிறகு நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு, சந்தைமேட்டு டென்டுக் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன் என்று எழுதினேன் அல்லவா? அதற்கு நீ பதிலே போடவில்லை. நம் சாமியாரும் மாதா கோயிலில் எல்லார் முன்னாலும் திட்டினார். திட்டட்டும், அடுப்பு எரிய வேண்டுமே. அந்தக் கொட்டகைக்குப் போன மாசி மாதம் ஒரு படம் வந்தது. மூன்று வாரம் ஓடியது. வாசல் காரியம் முடிந்ததும் உள்ளே வந்து மணலில் உட்கார்ந்துவிடுவேன். அதனால் மூன்று வாரமும் பார்த்தேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஐந்து பேர் ரகசியமாகக் கூடி, துரை போகிற ரயிலுக்கு வெடி வைக்கத் திட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் போலீஸ் முன்னாலேயே வந்து நிற்கிறது. உள்ளே இருக்கிற எவனோ சொல்லிவிடுகிறான். அந்த ஐந்து பேரில் ஒருத்தன் வேதக்காரன், மரியான் என்று பெயர். அவனைப் படத்தில் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். கோட்டு, தொப்பி, கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிலுவை, பேச்சுக்குப் பேச்சு கர்த்தர். நம் பக்கத்தில் எந்த வேதக்காரன் கோட்டு போட்டான்? உன் நைனா கோவணத்தோடு வல்லத்து ஏரிக்கால் ஓரம் ஏர் ஓட்டியவர். அவருக்குத் துரை எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்றுகூடத் தெரியாது. ஆனால் கொட்டகையில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. அவர்கள் மனசுக்குள் நாமெல்லாம் அந்தக் கோட்டோடுதான் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

படம் காட்ட ஒரே மெஷின், ரீல் மாற்றுவதற்காக நாலு இடைவேளை. விளக்கைப் போட்டதும் பெண்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். “பாத்தியா, வேதக்காரன்தான் சொல்லிப்புட்டான். வெள்ளக்காரன் சாமிய கும்புடறவன் வேற யாருக்கு விசுவாசமா இருப்பான்?” என்று ஒருத்தி சொல்வாள். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். படத்திலும் எல்லாரும் அவனைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கடைசியில் ஒரு குகைக்குக் கூட்டிப்போய், சொல்லடா என்று கேட்கிறார்கள். நான்தான் சொன்னேன் என்கிறான். சுட்டுவிடுகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, காட்டிக்கொடுத்தது தலைவனுடைய தங்கை புருஷன். பெரிய பண்ணைக்காரன், நெற்றி நிறையச் சந்தனம். அந்தத் தங்கை தாலி அறுக்கக் கூடாது என்பதற்காக மரியான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு செத்திருக்கிறான். தலைவன் அந்தச் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறான். படம் முடிந்துவிடுகிறது.

நல்ல படம் என்றுதான் நீயும் சொல்லியிருப்பாய். முதல் நாள் நானும் அழுதேன். நாலாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. அவன் நல்லவன் என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வதற்கு அவன் சாக வேண்டியிருந்ததே. உயிரோடு இருக்கிற வேதக்காரனை அந்தப் படம் எடுத்தவனுக்கும் நம்ப முடியவில்லை. ஒன்று துரோகி, இல்லாவிட்டால் தேவதூதன். நடுவில் என்னைப் போல ஒரு சாதாரண மனுஷி நிற்பதற்கு அதில் இடமே வைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது நாம் மட்டும் ரொம்ப யோக்கியம் என்று நினைத்துக்கொள்ளாதே. சேரிப் பெண்களைக் கடைசியில் படுதா ஓரமாக உட்காரவை என்று முதலாளி சொன்னார், உட்காரவைத்தேன். நம் கோயிலிலும் நடுவில் மரக் கம்பி அடித்து அவர்களை அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறோம். பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது என் சேலை அவர்கள்மேல் படாமல் இழுத்துக்கொண்டவள்தான் நான். நீ சின்னப் பையனாக அந்தக் கம்பிக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய் என்று உன்னை அடித்திருக்கிறேன். எவரையும் பிறப்பை வைத்து எடை போடாதே என்று இப்போது உனக்குப் புத்தி சொல்ல வாய் வருகிறது. உனக்கு அது அப்போதே தெரிந்திருந்தது.

படம் வந்த இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தண்டபாணி நம் வீட்டுக்கு வந்தான். ஜெயிலிலிருந்து வந்த நாளிலிருந்து நம் தெருப் பக்கமே திரும்பாதவன். கூடவே ஜெயிலில் செத்துப்போன ஏழுமலையின் அம்மா பச்சையம்மாளும் வந்தாள். நீ ஊரை விட்டுப் போன அன்று நம் வாசலில் மண்ணை வாரித் தூற்றிய அதே பச்சையம்மாள். அவள் என் காலில் விழுந்துவிட்டாள். தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டு, “அம்மா, சவரிதான் எங்கள போலீசுல காட்டிக்குடுத்தான்னு தப்பா நெனச்சிட்டோம். வேதக்காரன்னு ஒரே காரணத்துக்காக நெனச்சிட்டோம். அந்தப் படத்தப் பாத்த பிறகு எனக்குத் தூக்கமே வர்றதில்ல. அவன் வரட்டும், சந்தமேட்டுல கூட்டம் போட்டு மால போட்டு மன்னிப்பு கேக்கறோம்” என்றான். பச்சையம்மாள்தான் உனக்கு மாலை போடப் போகிறாளாம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த கையால்.

அதோடு போயிருந்தால் ஒருவேளை நான் வாயை மூடிக்கொண்டே செத்திருப்பேன். நீ குற்றமற்றவன், உனக்குச் சேர வேண்டியது தாமதமாகவாவது வந்து சேருகிறது என்று மனசைத் தேற்றியிருப்பேன். ஆனால் எழுந்திருக்கும்போது பச்சையம்மாள் கேட்டாள்: “சவரியம்மா, உன் புள்ள சொல்லலன்னா, வேற எவன் சொன்னான்?” தண்டபாணி அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தான். “படத்துல வர்ற மாதிரிதான். கூடவே இருக்கறவன்தான்” என்றான்.

அன்றிலிருந்து ஊர் நாகப்பனைப் பிடித்துக்கொண்டது. பச்சையம்மாளின் கூடப்பிறந்த அண்ணன், மல்லாட்டை மண்டிக்காரர், உனக்கும் நன்றாகத் தெரியும். யுத்த காலத்தில் பட்டாளத்துக்குக் கடலை எண்ணெய் அனுப்பினார், நெற்றியில் சந்தனம் வைப்பார். வேறு ஒரு தப்பும் அவர் செய்யவில்லை. படத்தில் வந்தவனும் சொந்தக்காரன், பணக்காரன், சந்தனக்காரன். ஊருக்கு அது போதுமாக இருந்தது. அனந்தபுரத்துச் சம்பந்திகள் நிச்சயம் பண்ணியிருந்த அவர் பெண்ணை வேண்டாம் என்று வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மண்டிக்கு ஒரு வண்டியும் வருவதில்லை, எல்லாம் அவலூர்பேட்டைக்குப் போகிறது. சொந்தத் தங்கையே அவர் முகத்தில் விழிப்பதில்லை. முன்னே உன்னைச் சொன்ன அதே வாய்கள்தான், சவரி. ஆளை மட்டும் மாற்றிக்கொண்டன.

நாகப்பன் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

எழுதிவிட்டேன். இனி கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நீயும் நிதானமாகப் படி. திண்டிவனம் ரோட்டில் தந்திக் கம்பியை அறுப்பதற்கு நீங்கள் மூன்று பேரும் கோட்டைக் களஞ்சியத்தில் கூடிப் பேசியது எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். ஒரு நாள் அவர்கள் இரண்டு பேரும் நம் வீட்டில் கேழ்வரகுக் களி சாப்பிட வந்தார்களே, அன்று நான் கொல்லையில் கருவாடு கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். வைக்கோல் போருக்குள் நீ செருகி வைத்த இரும்பு வெட்டியையும் பார்த்தேன். அந்த வருஷம் கம்பியில் கை வைப்பவர்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உன் நைனா அப்போது படுக்கையில் கிடந்தார். உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தக்கவில்லை. எனக்குத் தேசமும் தெரியவில்லை, சுதந்திரமும் தெரியவில்லை. நீ மட்டும்தான் தெரிந்தாய்.

சாமியார் மாதம் ஒரு தடவை பாவசங்கீர்த்தனம் கேட்க வருவார். அவர் வருவதற்கு முந்தின நாள் உபதேசியார் கோயில் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் முழங்காலில் நிறுத்தி, என்னென்ன பாவம் சொல்ல வேண்டும் என்று நினைவுபடுத்துவார் அல்லவா? அங்கே நான் அவரிடம் சொன்னேன். கோயில் தரையில் சொன்னது கோயிலை விட்டு வெளியே போகாது என்று நம் ஜனங்கள் எல்லாரும் நம்பினோம். சாமியாருக்குத்தான் அந்தப் பூட்டு, உபதேசியாருக்கு இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்படித்தான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். பாவசங்கீர்த்தனத்தில் ஒருத்தி தன் பாவத்தைத்தான் சொல்வாள். நான் ஏழுமலை பெயரைச் சொன்னேன், தண்டபாணி பெயரைச் சொன்னேன், இடத்தைச் சொன்னேன், கிழமையைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, “எம் புள்ளைய மட்டும் எப்படியாவது காப்பாத்துங்க, உபதேசியாரே” என்றேன். அவர் எங்கே போவார் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். தெரியாத மாதிரி வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

கம்பி அறுக்க நீங்கள் குறித்திருந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு நெஞ்சு வலி வந்தது நினைவிருக்கிறதா? வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ கிளம்பும் நேரம் பார்த்துக் கீழே விழுந்தேன். நீ என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா, கண்ணத் தொற, அம்மா” என்று கதறினாய். அப்புறம் வைத்தியரைக் கூட்டிவர வெறுங்காலோடு ஓடினாய். நீ வைத்தியரோடு திரும்பி வருவதற்குள் அங்கே அவர்களைப் பிடித்துவிட்டார்கள். நீ ஒருத்தன் மட்டும் அங்கே இல்லை. அதை வைத்துத்தான் ஊர் உன்னைத் துரோகி என்றது. எங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நீ ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்ச் சொன்னாய். சிரித்தார்கள். எனக்காக நீ சத்தியம் செய்தாய், சவரி. பொய்ச் சத்தியம் என்று தெரியாமலேயே செய்தாய்.

மூன்றாம் நாள் உபதேசியார் வந்தார். “உன் புள்ள பேரு வராம பாத்துக்கினேன். வாயத் தொறக்காத” என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூரைமேல் காய்த்திருந்த பூசணிக்காயில் பெரியதாக ஒன்றைப் பறித்து அவர் கையில் கொடுத்தேன். ஏழுமலை ஜெயிலில் சீதபேதியில் செத்தான் என்று சேதி வந்தபோது எனக்கு முதலில் அந்தப் பூசணிக்காய்தான் ஞாபகம் வந்தது. உபதேசியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி இது தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும்தான்.

நீ ஊரைவிட்டுப் போகும்போது தடுத்திருக்கலாம். சொல்லியிருக்கலாம். எந்த வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கம்பி அறுக்கக் கிளம்பினாயோ அவன் தோண்டுகிற சுரங்கத்துக்குள்ளேயே போய் இறங்கினாய், அங்கேதான் யாரும் உன்னைத் துரோகி என்று சொல்ல மாட்டார்கள் என்று. சுதந்திரம் வந்த அன்று தண்டபாணி கொடி ஏற்றினான். நம் ஜனங்கள் பின்னால் ஓரமாக நின்றார்கள். யாரோ, “இவுங்களுக்கு இன்னா, துக்கமாத்தான் இருக்கும்” என்றான். நம் ஆட்கள் எல்லாரும் என் செயலுக்காகத் தலைகுனிந்து நின்றார்கள். நான் அவர்களுக்கு நடுவில் மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாகப்பன் பெண்ணின் நிச்சயம் முறிந்தது என்று கேட்ட மறுநாள் பச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். அவள் முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, உனக்கு இப்போது எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முறத்தை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

“சவரியம்மா, போதும். எங்க அண்ணன் குடும்பம் நாசமாப் போவுதேன்னு நீ பழிய ஏத்துக்கற. எனக்குத் தெரியாதா? படத்துலயும் அந்தப் புள்ள அப்படித்தானே செஞ்சான். உங்க சாமி அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்குது.”

“அது படம், பச்சையம்மா. நெஜமா நான்தான். உபதேசியார்கிட்ட நான்தான் சொன்னேன்.”

“செத்துப்போனவர் பேர எதுக்கு இழுக்கற? உங்க ஆளுங்க மனசு யாருக்கு வரும். எங்க அண்ணன் பாவி, அவனுக்காக நீ ஏன் நரகத்துக்குப் போற?” என்றாள்.

தண்டபாணியிடம் போனேன். அவனும் அதையே சொன்னான், இன்னும் கொஞ்சம் அழகான தமிழில். கூட்டத்தில் இதையும் எடுத்துச் சொல்லப் போகிறேன், வேதக்காரர்களின் தியாகம் ஊருக்குத் தெரியட்டும் என்றான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதன் பலன் என்ன தெரியுமா? அந்தம்மாவே காப்பாற்றப் பார்க்கிறாள் என்றால் நாகப்பன் செய்தது நிச்சயம்தான் என்றாகிவிட்டது. மறுநாள் அவர் மண்டிக் கதவில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். முன்னே ஒருத்தரும் நம் பேச்சை நம்பவில்லை, கெட்டவர்கள் என்று. இப்போதும் நம்பவில்லை, நல்லவர்கள் என்று. உண்மையைச் சொன்னால் உண்மையாக எடுத்துக்கொள்வதற்கு நமக்கு இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது.

நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். உனக்கு மட்டும்தான் அந்த நெஞ்சு வலி தெரியும். வைத்தியர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லயே, நல்லாத்தானே இருக்குது” என்று சொன்னது உன் காதில்தான் விழுந்தது. அப்போது நீ என்னைப் பார்த்தாய். ஒரு கணம்தான். அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. உனக்கும் எங்கேயோ தெரிந்திருக்கிறது, சவரி. தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொள்ளத்தான் நீ ஏழு வருஷமாக இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதவில்லை என்று நான் நினைக்கிறேன்.

ஆகையால் வா. வரவேண்டாம் என்று சொல்லத்தான் காகிதத்தை எடுத்தேன், எழுதிக்கொண்டு வரும்போது மனசு மாறிவிட்டது. வந்து, சந்தைமேட்டில் அவர்கள் கூட்டம் போடும்போது மாலையை வாங்கிக்கொள்ளாமல் எழுந்து நின்று இந்தக் காகிதத்தை முதல் வரியிலிருந்து படி. பெற்ற பிள்ளையே படித்தால் நம்பித்தான் ஆக வேண்டும். நாகப்பன் பெண்ணுக்கு அனந்தபுரத்து மாப்பிள்ளை திரும்பக் கிடைப்பான் என்று நான் நினைக்கவில்லை. ஏழுமலை வரப்போவதில்லை. நம் ஜனங்களைப் பார்த்து, அப்போதே சொன்னோமே, வேதக்காரன் வேலைதான் என்பார்கள். என் ஒருத்தி பாவம் நம் தெரு முழுவதற்கும் போய்ச் சேரும். மாதா தேர் அன்றைக்கு நம் ஆட்கள் தேரை இழுத்துக்கொண்டு கடைத்தெருவைத் தாண்ட முடியாமலும் போகலாம். இதில் யாருக்கும் நல்லது நடக்கும் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். செய்யாத குற்றத்துக்கு ஒரு மனுஷர் கதவில் சாணி அடிக்கிறார்கள், அது நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைக்காதே. நேராகப் பஸ் ஏறிவிடு. நான் கூட்டத்துக்கு வந்து, எல்லாரும் பார்க்கிற இடத்தில் முன்னால்தான் நிற்பேன். நீ படிக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்துவிடாதே. பார்த்தால், அது பொய், எங்க அம்மா அப்படிச் செய்யவில்லை என்று நீ அங்கேயே சொல்லிவிடுவாய்.

உன் அம்மா